வார்டில் கேள்வி கேட்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள்: நர்சிங் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டார நர்சிங் பள்ளி, கல்லூரி முதல்வர்களுக்கும், அங்கே படிக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளின் நர்சிங் கண்காணிப்பாளர்களுக்கும்,

உங்களில் ஒரு பள்ளி இந்த ஆண்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மருத்துவ அப்ரிவியேஷன்களை, அதாவது கேஸ் ஷீட்டிலும் மருந்துச் சீட்டிலும் எழுதும் சுருக்கக் குறிகளை, உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த வகுப்புகளை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு ஜெராக்ஸ் கட்டு. "மனப்பாடம் பண்ணிக்கோங்க, மிச்சத்தை வார்டுல கத்துக்குவீங்க" என்று சொல்லி போஸ்டிங் அனுப்பியாகிவிட்டது. இன்னும் சில இடங்களில் அந்த வகுப்பு தொடக்கத்திலிருந்தே கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வார்டில் என்ன நடக்கிறது? பிள்ளை கேஸ் ஷீட்டைக் காட்டி, "இது என்ன சிஸ்டர்?" என்று கேட்டால், "இதுகூட ஸ்கூல்ல சொல்லித்தரலையா?" என்று பதில் வருகிறது. பள்ளிக்கு வந்து ட்யூட்டரிடம் கேட்டால், "வார்டுக்குப் போய் என்னத்தைக் கத்துக்கிட்ட?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் அடுத்த பக்கத்தைக் கை காட்டுகிறது. நடுவில் நிற்பது பதினெட்டு வயதுப் பிள்ளை. அவள் கையில் மருந்து டிரே, எதிரில் கட்டிலில் ஒரு உயிர்.

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். கடலூரிலும் புதுச்சேரியிலும் பொது வார்டு, பிரசவ வார்டு, ஆபரேஷனுக்குப் பிந்தைய வார்டு என்று வேலை பார்த்தவள். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் மாலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். காரணத்தோடு சொன்னால் ஒரு முறையில் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால், "இவங்களுக்கு இங்கிலீஷ் வராது, அதான் பிரச்சினை" என்று யாரும் முடித்துவிட வேண்டாம். நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் தினம் மூன்று வேளை என்பதற்கான டி.டி.எஸ். என்றால் என்னவென்று பிறவியிலேயே தெரிந்திருக்காது. அது லத்தீனிலிருந்து வந்தது. யாராவது சொன்னால்தான் தெரியும்.

அந்த ஜெராக்ஸ் கட்டை நான் பார்த்தேன். ஆங்கில அகர வரிசையில் போட்டிருக்கிறார்கள். ரத்த வாயுப் பரிசோதனைக்கு அடுத்த வரி, சாப்பாட்டுக்கு முன் என்பதற்கான ஏ.சி. அதற்கு அடுத்தது ஒரு இதய நோய். எந்த வார்டில் எது வரும், எது மருந்தின் நேரம், எது மருந்து போகும் வழி, எது நோயின் பெயர் என்று எதுவும் பிரித்துச் சொல்லவில்லை. ஒரு குறிக்கு ஒரே அர்த்தம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. சரிதான். கண் வார்டில் அதே இரண்டு எழுத்து வலது கண்ணைக் குறிக்கும். எம்.எஸ். என்பது இதய வார்டில் மைட்ரல் வால்வு சுருக்கம், நரம்பியல் வார்டில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், வலி மருந்துச் சீட்டில் மார்ஃபின். பி.டி. என்று எழுதினால் அது ரத்தம் உறையும் நேரத்துக்கான பரிசோதனையா, பிசியோதெரபியா, சிலர் எழுதுவதுபோல் பேஷன்ட்டா? ஆர்.ஓ.எம். எலும்பு வார்டில் மூட்டு அசையும் அளவு, பிரசவ வார்டில் பனிக்குடம் உடைந்தது. டி.சி. என்று கோடு போட்டு எழுதினால் டிஸ்சார்ஜா, மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? எச்.எஸ். படுக்கப்போகும் நேரம் என்று நாம் படித்தோம். அதைப் பாதி வீரியம் என்று படித்துத் தவறு நடந்ததாக மருந்துப் பாதுகாப்புப் பட்டியல்களில் இருக்கிறது. மனப்பாடத்தால் இதைத் தீர்க்க முடியாது. எங்கே, யார், எதற்காக எழுதியது என்று பார்த்துப் படிக்கப் பழக்க வேண்டும். அந்தப் பழக்கம் வருவதற்கு ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என்னிடம் வரும் ஒரு பிள்ளை கண் வார்டு போஸ்டிங்கில் இதே ஓ.டி.யைப் பார்த்துக் குழம்பி, சீனியரிடம் கேட்டிருக்கிறாள். நோயாளிகள் முன்னாலேயே திட்டு விழுந்திருக்கிறது. அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த போஸ்டிங் பொது வார்டு. ஒரு வயதான அம்மாவுக்கு இன்சுலின் ஆர்டர். 10 என்று எழுதி, யூனிட் என்பதற்குப் பதில் யு என்ற ஆங்கில எழுத்தை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அவசரத்தில் எழுதியதால் அந்த எழுத்தின் மேல்வாய் மூடிவிட்டது. பார்த்தால் 100. பிள்ளை 40 யூனிட் சிரிஞ்சை எடுத்துவிட்டாள். அதில் 100 யூனிட் போட வேண்டுமென்றால் இரண்டரை சிரிஞ்சு ஏற்ற வேண்டும். அங்கேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்று முந்தைய வார்டில் பார்த்துவிட்டாளே! கட்டிலோரம் நின்ற நோயாளியின் மகள்தான், "ஏம்மா, எத்தனை ஊசி? வீட்டுல எங்கம்மாவுக்குப் பத்துதானே போடுவோம்" என்று தடுத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணியால் ஒரு உயிர் தப்பியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. பிள்ளையைக் கூப்பிட்டு விளக்கக் கடிதம் வாங்கினார்கள். அந்த ஆர்டரை எழுதியவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கேஸ் ஷீட்டிலும் அதே யு, அதே எண்ணோடு ஒட்டி. அந்த இடத்தின் பெயரை நான் எழுத மாட்டேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள் வார்டுகளில் இப்போதே போய்ப் பார்த்தால் ஒரு ட்ரீட்மென்ட் ஷீட்டிலாவது அந்த யு இருக்காதா?

இது நான் கண்டுபிடித்த ஆபத்து இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இலேயே எழுதக் கூடாத குறிகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் முதலில் வருவதே இந்த யு தான். யூனிட் என்று முழுதாக எழுது என்கிறார்கள். சர்வதேச யூனிட் என்பதை ஐ.யு. என்று எழுதினால், ரத்தக் குழாய் வழி என்பதற்கான ஐ.வி. என்றோ 10 என்றோ படித்துவிடுகிறார்கள், அதுவும் கூடாது. 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் பத்தாகிவிடும். அரை மில்லிகிராமை வெறும் புள்ளி ஐந்து என்று எழுதாதே, புள்ளிக்கு முன்னால் சைபர் போடு, இல்லாவிட்டால் ஐந்தாகிவிடும். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவு உண்டா?

நம் நாட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கில கேபிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துத் தவறுகளைக் குறைப்பதற்கென்றே ஓர் உலகளாவிய இயக்கம் தொடங்கியது. 2025இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம், படிக்கும்படியான மருந்துச் சீட்டு கிடைப்பது வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று சொன்னது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. செப்டம்பர் 17 நோயாளிப் பாதுகாப்பு நாளன்று பேனர் கட்டுகிறீர்கள், உறுதிமொழி எடுக்கிறீர்கள். அந்த உறுதிமொழி மருந்து டிராலிக்குப் பக்கத்தில் வந்து சேர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்சுலின் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூனிட் என்று முழுதாக எழுதிவிட்டால் மட்டும் வேலை முடியாது. நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 50 யூனிட். பாட்டில் மேலே இருக்கும் அந்தச் சிறிய எண்ணும் ஒரு சுருக்கம்தான். அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்காமல் எச்.எஸ்., தேவைப்பட்டால் மட்டும் என்பதற்கான எஸ்.ஓ.எஸ். எல்லாம் ஒப்பிக்க வைத்து என்ன பயன்?

பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் இதையும் விட முடியவில்லை. ரத்த அழுத்தம் ஏறி ஃபிட்ஸ் வரும் கர்ப்பிணிக்கு நாம் மேக் சல்ஃப், அதாவது மெக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கிறோம். எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து. அதை எழுதும் ரசாயனக் குறிக்கும் மார்ஃபின் சல்ஃபேட்டுக்குச் சிலர் போடும் குறிக்கும் ஒரே ஒரு சின்ன எழுத்துதான் வித்தியாசம். அதனாலேயே ஜாயின்ட் கமிஷன் இரண்டையும் முழுப்பெயரில் எழுதச் சொல்கிறது. அதோடு, அந்த மருந்தின் ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறையாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். அது அதிகமாகிவிட்டால் முறிக்கும் மருந்தான கால்சியம் குளுகோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு அந்தக் குறியைச் சொல்லித்தரும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாடம். வெறும் விரிவாக்கம் பாடமே இல்லை.

நேரக் குறிகளும் அப்படித்தான். டி.டி.எஸ். என்பதும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் வருகிறார்கள். முதலாவது, விழித்திருக்கும் நேரத்தில் மூன்று வேளை. இரண்டாவது, நோயாளி தூங்கினாலும் கடிகாரப்படி கொடுக்க வேண்டியது. ஆன்டிபயாடிக் விஷயத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான். அதைச் சுருக்கமாக எழுதி, யாரோ தினம் ஒரு முறை என்று படித்துக் கொடுத்தால் ஆளே போய்விடலாம். இந்த மாதிரி மருந்துகளுக்கு எந்தச் சுருக்கமும் கூடாது, எந்தக் கிழமை என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பெரிய கேஸ் என்றால் புதுச்சேரிக்கு, அதிலும் ஜிப்மருக்கு ரெஃபர் செய்வது காலங்காலமாக நடக்கிறது. சிகிச்சை முடிந்து அதே நோயாளி டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஊர் திரும்புகிறார். அப்புறம் அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், அல்லது ஊரில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதுப் பிள்ளை. ஒரு மருத்துவமனைக்குள்ளேயே இரண்டு வார்டுகள் இரண்டு விதமாக எழுதும்போது, மாநில எல்லை தாண்டி வந்த காகிதத்தை அந்தப் பிள்ளை எப்படிப் படிப்பாள்? ரெஃபரல் சீட்டில் ஒரே வரியில் நோயாளியின் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு எல்லாமே எழுத்துக் கூட்டமாக நிற்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு வாழ்க்கை வரலாறு. தெரியாதவருக்கு வெறும் கிறுக்கல்.

நோயாளிக்குச் சொல்லத் தெரியாவிட்டால் குறி தெரிந்தும் பலன் இல்லை. வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பதற்கு என்.பி.எம். என்று ஷீட்டில் எழுதிவிட்டு எல்லோரும் போய்விடுகிறோம். மறுநாள் ஆபரேஷனுக்கு இருப்பவருக்குக் காலையில் மனைவி இட்லி ஊட்டிவிடுகிறார். ஆபரேஷன் தள்ளிப்போகிறது, கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு இன்னும் சில நாள் சம்பளம் போகிறது. நான் இதை வார்டுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளிடம், "என்.பி.எம். என்றால் என்ன?" என்று கேட்டால் டக்கென்று விரித்துச் சொல்கிறார்கள். "சரி, நான்தான் அந்த நோயாளி. காலையில பிரஷர் மாத்திரை போடணுமே, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் அனுமதித்தால் ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரையைப் போடலாம், திட உணவு எத்தனை மணிக்கு முன்னால் நிறுத்த வேண்டும், டீயில் பால் இருப்பதால் அது தண்ணீர்க் கணக்கில் வராது என்றெல்லாம் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பரீட்சையில் விரிவாக்கத்துக்கு மதிப்பெண் கிடைக்கிறது, அதோடு முடிந்தது.

"நாங்களெல்லாம் வார்டிலேயே கற்றுக்கொள்ளவில்லையா?" என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். உண்மைதான். ஆனால் எங்கள் காலத்தில் ஒரு வார்டில் புழங்கிய மருந்துகள் குறைவு, பரிசோதனைகள் குறைவு. ஆர்டரை எழுதிய டாக்டரும் ஓரளவு அதே வார்டில் இருப்பார், கேட்டுக்கொள்ளலாம். இன்று ரவுண்ட்ஸ் ஒருவர், ஆர்டர் எழுதுவது ஒருவர், இரவு டியூட்டியில் வேறொருவர். ஸ்டாஃப் பற்றாக்குறை எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். ஒரு ஸ்டாஃப் தலையில் வார்டு முழுக்கச் சுமத்திவிட்டு, மாணவிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடு என்றால் அவர் எங்கே போவார்? அதனால்தான் வார்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பள்ளியில் அந்த வேலை நடக்க வேண்டும் என்கிறேன். சுருக்கங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி.பி., ஐ.வி., தினம் இரண்டு வேளை என்பதற்கான பி.டி. இல்லாமல் ஒரு ஷிப்ட் ஓடாது. பொதுவானதை நன்றாகச் சொல்லிக்கொடுங்கள், ஆபத்தானதை எழுதாதீர்கள், இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் கேட்க விடுங்கள்.

இனி என் கோரிக்கைகள்.

பள்ளி, கல்லூரி முதல்வர்களே, நிறுத்திய வகுப்பை இந்த பேட்ச்சுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் போஸ்டிங்குக்கு முன்னால் அது முடிந்திருக்க வேண்டும். அகர வரிசைப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரம், வழி, அளவு, நோய்ப் பெயர், பரிசோதனை என்று பிரித்து, ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு மாதிரி கேஸ் ஷீட் தயாரித்து அதை வைத்துப் பழக்குங்கள். பரீட்சையிலும் அதையே கேளுங்கள்: ஒரு ஆர்டரைக் கொடுத்து, எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு, நோயாளியிடம் தமிழில் எப்படிச் சொல்வாய் என்று.

நர்சிங் கண்காணிப்பாளர்களே, உங்கள் மருத்துவமனைக்கு என்று ஒரே ஒரு அனுமதிக்கப்பட்ட பட்டியல் இருக்கட்டும். அதோடு எழுதக் கூடாதவை என்று இன்னொரு பட்டியல். யூனிட்டுக்கு யு, ஐ.யு., முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளி சைபர், கண்ணுக்கு ஓ.டி., மெக்னீசியம் சல்ஃபேட்டின் ரசாயனக் குறி, எச்.எஸ்., டி.சி. இவை கண்டிப்பாக அதில் இருக்க வேண்டும். இரண்டையும் மருந்து டிராலி நிற்கும் இடத்தில் ஒட்டுங்கள். மருத்துவக் கண்காணிப்பாளரிடம் பேசி டாக்டர்களின் கையெழுத்துக்கும் அதைப் பொருந்தச் செய்யுங்கள். நர்ஸ்களுக்கு மட்டும் விதி போட்டால் இது நிற்காது.

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்ஃபேட் இவற்றை எந்த மாணவியும் தனியாகக் கொடுக்கக் கூடாது, ஒரு ஸ்டாஃப் கூட நின்று சரிபார்க்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதே உத்தரவில் இன்னொரு வரியும் சேருங்கள்: குறி புரியாவிட்டால் புரியும்வரை டோஸைக் கொடுக்காமல் நிறுத்தி உடனே கேட்க மாணவிக்கு உரிமை உண்டு, அப்படிக் கேட்டதற்காக அவளை யாரும் திட்டவோ விளக்கம் கேட்கவோ கூடாது. இந்த ஒரு வரிக்காக மட்டும்கூட இந்த மடலை எழுதியிருப்பேன்.

வீட்டுக்குப் போகும் நோயாளியின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் மருந்து நேரம் காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் இருக்க வேண்டும். கடலூரில் எழுதினாலும் புதுச்சேரியில் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பேசி முடிவெடுக்க, இரு பக்கத்து முதல்வர்களும் கண்காணிப்பாளர்களும் அடுத்த பேட்ச் வார்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் ஒன்றாக உட்காருங்கள். அந்தக் கூட்டத்துக்கு மாணவிகள் இரண்டு பேரையாவது கூப்பிட்டு, அவர்களுக்கு வார்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மாதிரி கேஸ் ஷீட்டுகள் தயாரிக்கவும், வகுப்பெடுக்கவும் ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள், எங்கள் தெருப் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.